எது எதோடு சேரும்?

மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்பதில்லை. "எது எதோட சேரும்ண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ, சென்னை கொளத்தூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, எங்கே நின்று கவனித்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கடைக்காரர் கைவேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார். மோலியும் கப்பியும் சேரும். ஏஞ்சலோடு நியான் டெட்ராவைப் போடாதீங்க, ஏஞ்சல் வளர்ந்ததும் முழுங்கிரும். டைகர் பார்ப் இருக்கிற தொட்டியில ஃபைட்டர் வேண்டாம், வாலைக் கடிச்சுக் கந்தலாக்கிரும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ச்சியான தண்ணி வேணும், அதனால அது தனி. ஆஸ்கர் எதோடயும் வேண்டாம்.

இதெல்லாம் அனுபவத்தில் வந்த அறிவு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான் இதைக் கேலி செய்ய வரவில்லை. அந்த 'சேரும்' என்ற சொல்தான் கொஞ்ச நாளாக என்னைத் தொந்தரவு செய்கிறது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு எத்தனை வேலை! கத்தரிக்காய் சிலருக்கு உடம்புக்குச் சேராது. மாமியாருக்கும் மருமகளுக்கும் சேராது. அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் சேராது. கல்யாணம் என்று வந்தால் சேருமா சேராதா என்று பார்ப்பதற்கே தனி சாஸ்திரம் வைத்திருக்கிறோம். பத்துப் பொருத்தங்களில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு விலங்கு. மொத்தம் பதினான்கு விலங்குகள். குதிரைக்கு எருமை பகை, பாம்புக்குக் கீரி பகை, பசுவுக்குப் புலி பகை, பூனைக்கு எலி பகை. பார்த்தால் ஏறக்குறைய மீன் கடைக்காரரின் பட்டியல் மாதிரியே இருக்கும். அந்தப் பதினான்கில் மீன் மட்டும் இல்லை. தப்பித்தது.

இந்தப் பேச்சிலெல்லாம் பகை என்பது உயிருக்குள்ளேயே குடியிருக்கிற குணம். எலியாகப் பிறந்தால் பூனை பகை, அவ்வளவுதான். அது எந்த வீட்டில், எந்த மூலையில், ஓடித் தப்பிக்க வழி இருந்ததா இல்லையா என்ற கேள்வியே வராது. மீன் தொட்டியைக் கொஞ்ச நாள் உட்கார்ந்து கவனித்தால் இந்த எண்ணம் ஆட்டம் காணும்.

எம்.ரெட்டியபட்டியில் என் அண்ணன் வீட்டில் ஒரு தொட்டி இருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப் போட்டால் ஐம்பத்தாறு லிட்டர் சொச்சம், ஏறக்குறைய நாலு குடம். திருச்சுழி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த 'நாலு குடம்' எங்கே குத்தும் என்று தெரியும். வானம் பார்த்த கரிசல். மல்லியும் பருத்தியும் மிளகாயும் மழையை நம்பி நிற்கிற ஊர். கண்மாய் ஒரு வருஷம் பெருகினால் அடுத்த வருஷம் சீமைக்கருவேல முள்ளாகக் கிடக்கும். போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணிதான். குடிக்கிற தண்ணியை வண்டியில் வருகிறபோது குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள்தான் சுற்றிலும். தொட்டி வந்த அன்றைக்கு மதினி கேட்டது இது: "மனுசனுக்கே தண்ணி இல்லாத ஊர்ல மீனுக்கு என்னத்துக்குத் தம்பி?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் தத்துவார்த்தமான பதில் எதுவும் இருக்கவில்லை. கணக்கு இருந்தது. தொட்டியில் வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும், அதாவது ஒரு குடம். எடுக்கிற தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வந்த நைட்ரேட் இருக்கும், செடிக்கு அது உரம். மதினி அதை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றிக்கொள்ளட்டும். தொட்டிக்கு வாங்குகிற குடிதண்ணீர் வேண்டாம், போர் தண்ணியே போதும். ஆனால் அந்தக் கடைசி வரியைச் சொன்ன பிறகுதான் பொருத்தம் என்பதே இங்கே எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று புரிந்தது. மீனும் மீனும் சேருமா என்பதற்கு முன்னால், மீனும் எங்கள் ஊர்த் தண்ணியும் சேருமா?

நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளில், இலை மக்கிக் கறுத்த மென்தண்ணீரில் வாழ்கிற மீன். எங்கள் போர் தண்ணியில் அதைப் போடுவது, ஊட்டிக்காரரைக் கொண்டுவந்து பங்குனி வெயிலில் மல்லிக்காட்டில் நிறுத்துகிற மாதிரி. உடனே சாகாது. நிறம் வெளிறி, ஓரமாக ஒதுங்கி, ஒவ்வொன்றாகப் போகும். மோலிக்கு அப்படியில்லை. அது மெக்சிகோ பக்கத்து மீன், உப்பு கலந்த தண்ணீரிலும் பிழைக்கும். கப்பிக்கும் சுண்ணாம்புத் தண்ணி ஒத்துக்கொள்ளும். கடையில் ரொம்பச் சாதாரணமான மீன், விலை குறைந்த மீன் என்று யாரும் திரும்பிப் பார்க்காத மோலிதான் திருச்சுழித் தண்ணிக்கு ஏற்ற மீன்.

அப்புறம் பொறுமை. புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் மீன் வாழ முடியாது. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டும் விஷம், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இவை கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம் சேர்ந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம் சேர முடியும். பாப்பாவுக்கு, அண்ணன் மகளுக்கு, ஆறு வாரம் வெறும் தண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. "சித்தப்பா, பாக்டீரியாவுக்குப் பேர் வைக்கலாமா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு எட்டு மோலி வந்தது, பத்துக் கப்பி வந்தது. மூன்று மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் அண்ணன் ஒருநாள் டவுனுக்குப் போனவர், ஒரு கடையில் கறுப்பும் ஆரஞ்சுமாக இரண்டு விரல்கடை நீளத்தில் ஒரு குஞ்சைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டார். "சின்ன மீனுதான், எல்லாத்தோடயும் சேந்துக்கிரும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அது ஆஸ்கர். தென்னமெரிக்க மீன், வளர்ந்தால் ஓரடி. நாற்பது நாளில் கப்பிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. மோலிகளில் மூன்று போயின. மீதி ஐந்து ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அங்குல இடுக்கில் வரிசையாக ஒண்டிக்கொண்டிருந்தன.

வீட்டில் ஆஸ்கருக்குப் பெயர் 'ரவுடி' என்று ஆனது. அண்ணனே அப்படித்தான் கூப்பிட்டார். வாங்கி வந்தவர் அவர், ஆனால் ரவுடி அது. மதினி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "அது அதோட சோத்தத் திங்கிது. அதுக்குப் போய் என்னத்துக்குப் பட்டப் பேரு?"

மதினியின் அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றி வருகிறேன் என்று நினைக்கிறேன்.

ஃபைட்டர் மீனை எடுத்துக்கொள்வோம். உலகத்திலேயே 'சேராத' மீன் என்று பெயர் வாங்கியது அது. இரண்டு ஆணை ஒன்றாகப் போட்டால் செவுளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று கிழிக்கும். தாய்லாந்தில் அதைப் பந்தயச் சண்டைக்காகப் பல நூறு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்; 2019-ல் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தார்கள். ஆனால் அதன் காட்டு மூதாதைகள் வயல் தண்ணீரிலும் சேற்றுக் குட்டையிலும் வாழ்கிறவை. அங்கேயும் இரண்டு ஆண்கள் சந்தித்தால் விரைப்பு காட்டும், முட்டும். சற்று நேரத்தில் ஒன்று தோற்றுப் புல்லுக்குள் நழுவிவிடும். ஜெயித்தது பின்னால் துரத்திக்கொண்டே போவதில்லை. அது விரும்பியது அந்த ஒரு முழ இடத்தை. கிடைத்துவிட்டது.

கண்ணாடித் தொட்டியில் தோற்றது எங்கே போகும்? இடுப்புயரப் புல் இல்லை, அடுத்த வயல் இல்லை. தோற்ற மீன் தோற்றுவிட்டேன் என்று சொல்வதற்கு அதற்குத் தெரிந்த ஒரே மொழி அந்த இடத்தை விட்டுப் போவது. போக முடியாததால் அது இன்னும் நின்று சவால் விடுவதாகவே ஜெயித்த மீனுக்குப் படும். கடி தொடரும், சாகிற வரைக்கும். நாம் பார்த்துவிட்டு 'என்ன வெறி பிடிச்ச மீன்' என்போம். வெறியில் பாதி மீனுடையது என்றே வைத்துக்கொண்டாலும், மறுபாதியைக் கண்ணாடி வெட்டிப் பசை ஒட்டியது யார்?

இதே மீனைக் கடைகளில் பிளாஸ்டிக் கப்பில் வைத்து விற்கிறார்களே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்குச் செவுள் போக நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிற உறுப்பு ஒன்றிருக்கிறது. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் அதே மாதிரி உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி 1791-ல் அது பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதிவைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. கண்மாய் வற்றும்போது சேற்றைத் தாண்டி அடுத்த தண்ணீருக்குப் போவதற்காக வந்த திறமை அது. தப்பித்துப் போகக் கிடைத்த உறுப்பு, ஃபைட்டர் விஷயத்தில், 'இது ஒரு கப் தண்ணியிலயும் பிழைச்சுக்கும்' என்று அடைத்துவைப்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. பிழைத்துக்கிடப்பதையும் வாழ்வதையும் ஒன்றாக்கிவிடுகிற இந்தக் கணக்கு மீனோடு நிற்கிறதா என்ன? 2005-ல் ரோம் நகராட்சி உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. இந்தியாவிலும் 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை அறிவித்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கப் இன்னும் கடைகளில் இருக்கிறது.

சரி, சேராத மீன்களைச் சேர்த்து வைக்கவே முடியாதா? முடியும். மீன் வளர்ப்பவர்களிடம் அதற்குத் தந்திரங்கள் இருக்கின்றன. எனக்கு உண்மையில் உறுத்தலாக இருப்பது சண்டையைவிட இந்தத் தந்திரங்கள்தான்.

முதல் தந்திரம், கூட்டத்தைக் கூட்டுவது. டைகர் பார்ப் மூன்று இருந்தால் மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும். பத்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களை வைத்திருப்பவர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவார்கள். வேண்டுமென்றே தொட்டியை நெரிசலாக்குவார்கள். இடம் தாராளமாக இருந்தால் ஒரு மீன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். ஒருவருக்கும் சொந்தமாக ஒரு பாறைகூடக் கிடைக்காத அளவுக்கு நெரித்துவிட்டால் விரட்டுவதற்கே வழியில்லை. அடியும் ஒருவர்மேலே விழாமல் எல்லோர்மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். பார்ப்பதற்கு ஆரவாரமாக, அழகாக, அமைதியாக இருக்கும். நிர்வாகம் செய்கிறவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போகக்கூடிய அமைதி.

இரண்டாவது தந்திரம் பலியாடு. இதைப் பற்றி விலங்கியல் அறிஞர் கான்ராட் லோரன்ஸ் எழுதியிருக்கிறார். 'தீமை என்று சொல்லப்படுவது' என்று பொருள்படும் தலைப்பில் 1963-ல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய புத்தகத்தில், சிக்லிட் ஜோடிகளைப் பற்றி ஒரு விஷயம் வரும். ஒரு ஜோடியை மட்டும் தனியாகத் தொட்டியில் விட்டால் கொஞ்ச நாளில் ஆண் தன் பெண்ணையே தாக்க ஆரம்பிக்கும். அதே தொட்டியில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி இருந்தால் இந்த ஆணின் கோபமெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடும், குடும்பம் நன்றாக நடக்கும். நாளாக ஆகக் கண்ணாடியில் பாசி படிந்து அடுத்த வீடு மறையும்போது, இந்த வீட்டில் சண்டை ஆரம்பிக்கும். கண்ணாடியைத் துடைத்துவிட்டால் மறுபடி தாம்பத்தியம்.

முதல்முறை இதைப் படித்தபோது சிரித்தேன். யாருடைய வீட்டில் நடக்காதது? கொழுந்தனைத் திட்டுவதில் ஒற்றுமையாக இருக்கிற தம்பதிகளை எனக்குத் தெரியும். ஆனால் யோசிக்க யோசிக்கச் சிரிப்பு நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்துவீட்டுக்காரனை வெறுப்பதால் கிடைக்கிற குடும்ப அமைதியைப் பொருத்தம் என்று சொல்லலாமா? இரண்டு உயிர்கள் சேர்ந்திருப்பதற்கு மூன்றாவது ஒன்று அடிவாங்குவதற்கென்றே தேவைப்படுகிறது என்றால், அந்தச் சேர்க்கையில் என்ன நன்மை இருக்கிறது?

லோரன்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் 1938-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். யார் யாரோடு கலக்கக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருந்த கட்சி அது. 1973-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, நிகோ டின்பெர்கனோடும் கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷோடும் பகிர்ந்து. டின்பெர்கன் நெதர்லாந்துக்காரர். போர்க்காலத்தில் அதே நாஜிகளால் பணயக்கைதியாக முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். மீன்களின் பகையை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண், மனிதர்கள் விஷயத்தில் எதைப் பார்த்தது என்று நினைக்காமல் இந்தப் புத்தகத்தை என்னால் படிக்க முடிவதில்லை. மீனிலிருந்து மனிதனுக்குத் தாவுவது அவ்வளவு ஆபத்தான தாவல்.

ஆனாலும் தாவத்தான் போகிறேன். ஏனென்றால் எங்கள் பக்கம் அதை ஏற்கெனவே தாவி முடித்துவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்: "அவங்களும் நாங்களும் சேந்து இருந்தா பிரச்சினைதான் தம்பி. தனித்தனியா இருக்கிற வரைக்கும் எல்லாரும் நிம்மதி." தெரு தனி, சுடுகாடு தனி, திருவிழா அன்றைக்குச் சாமி வருகிற பாதை தனி. தாசில்தார் ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டால், கூட்டத்தின் முடிவும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும், யார் எந்த வழியாகப் போவது என்று.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் அதை ஒரு சுவராகவே கட்டினார்கள். 1989-ல் நடந்த மோதலுக்குப் பிறகு எழுந்த சுவர். தலித் மக்கள் பொதுவழிக்கு வருவதை மறித்து, அறுநூறு மீட்டர் அளவுக்கு ஊருக்குக் குறுக்கே நின்றது. பிரச்சினை வரக் கூடாது என்பதற்காகத்தான் என்று நியாயமும் சொல்லப்பட்டது. 2008 மே மாதம்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதுவரை பத்தொன்பது வருஷம்.

மீன் கடைக்காரரின் அறிவை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் கவனிக்காத விஷயம் இது: ஏஞ்சல் நியானை விழுங்குவது இரண்டும் வேறு வேறு உயிரினம் என்பதால். ஒன்றின் வாய்க்கும் இன்னொன்றின் உடம்புக்கும் உள்ள அளவு வித்தியாசம் அது. பேச்சுவார்த்தையில் அதை மாற்ற முடியாது. உத்தப்புரத்தில் சுவரின் இரண்டு பக்கமும் இருந்தது ஒரே மீன்தான். தொட்டியில் தடுப்பு வைக்கிறவன் வெளியில் நிற்கிறான். அவனுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இல்லை, இரண்டு பக்கத்துக்கும் அவனே தீனி போடுகிறான். ஊரில் தடுப்பு வைத்தது தொட்டிக்கு உள்ளே இருந்த மீன்களில் ஒரு பகுதி. பொதுவழி எந்தப் பக்கம் வர வேண்டும், தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்து வைத்தது. 'நமக்குள் சேராது' என்று சொல்லும் வாய் எப்போதும் ஃபில்டர் பக்கமே இருக்கிறது.

ஆக, மீன் தொட்டி நமக்குச் சொல்லித்தருவது, சேராதவர்களைப் பிரித்துவை என்பதையா? எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. மூடிய இடத்தில் நடக்கிற ஒவ்வொரு கடிக்கும், இடத்தை மூடியவனிடம் முதல் கணக்குக் கேட்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் ஆறு பேரை அடைத்துவிட்டு 'பசங்க சரியில்லை' என்கிற வார்டன், ஐந்து பேர் வேலைக்கு மூன்று பேரை வைத்துவிட்டு 'டீம்ல ஒத்துமை இல்லை' என்கிற மேனேஜர், இரண்டு மருமகளுக்கு ஒரே அடுப்பைக் கொடுத்துவிட்டு 'ரெண்டுக்கும் சேரல' என்கிற வீடு. கடித்தது யார் என்று விசாரிப்பது சுலபம். பல் தடம் இருக்கும். தொட்டியின் அளவு யார் உடம்பிலும் தடமாகப் பதிவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு மீனும் இருக்கிறது. நம் தென்னிந்திய, இலங்கைக் கழிமுகங்களில் ஆரஞ்சு குரோமைடு என்றொரு சிறிய மஞ்சள் மீன். அதே தண்ணீரில் அதன் உறவுக்காரனான பெரிய மீன், கேரளத்தில் கரிமீன் என்று வறுத்துத் தின்கிறார்களே, அதுவும் வாழ்கிறது. சின்ன மீன் பெரிய மீனின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. பெரிய மீன் அசையாமல் நின்று காட்டும். அதே சின்ன மீன், சமயம் கிடைத்தால், பெரிய மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். மருத்துவனும் திருடனும் ஒரே ஆள். இது எந்தப் பட்டியலில் வரும்? சேரும் என்றா, சேராது என்றா? கழிமுகத்தில் அவை காலங்காலமாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. யாரும் அவற்றைச் சேர்த்துவைக்கவும் இல்லை, பிரித்துவைக்கவும் இல்லை.

'வாஸ்து மீன்' என்று விற்கிறார்களே, நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன், அது இயற்கையில் எங்கும் இல்லாதது. சிக்லிட்களைக் கலந்து தொண்ணூறுகளில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பு. எந்த மீனோடும் சேராது, தன் இனத்தோடும் பெரும்பாலும் சேராது. ஆயுசு முழுக்கத் தனிக்குடித்தனம். எதோடும் சேராத ஓர் உயிரை நாமே செய்து, வீட்டுக்கு நல்லது என்று ஹாலில் வைத்திருக்கிறோம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் வீட்டு ரவுடிக்கு வருகிறேன். கண்டுபிடித்த மறுநாளே அண்ணனுக்கு ஒரு தீர்வு தோன்றியது. ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணி வரும், கொண்டுபோய் விட்டுவிடலாம், அதுவும் சுதந்திரமாக இருக்கும், பாவமும் வராது. கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். கண்ணாடியை ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன் இரண்டு அங்குலத்தில் வாங்கப்பட்டு, ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் ஏரியில் விடப்பட்டு, இன்றைக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழிக்கிற தொல்லையாக நிற்கிறது. நாம் கண்மாய் மீன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிற சிலேபியும் ஆப்பிரிக்காக்காரன்தான். 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து பரவியது. எங்கள் ஊரிலிருந்து மண்டபம் ஒன்றும் ரொம்பத் தூரமில்லை. கண்மாய் அழிகிறபோது இறங்கி அரிகூடை போடுகிறவர்களைக் கேட்டால், அயிரையும் குரவையும் குறைந்துபோன கதையைச் சொல்வார்கள். அதற்கு எல்லாக் காரணமும் சிலேபி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

நான் அண்ணனிடம் சொன்னது: "நம்ம வீட்டுச் சண்டையைக் கொண்டுபோய் ஊர்க் கண்மாய்ல விடச் சொல்ற."

அண்ணன் கடுப்பாகிவிட்டார். "அப்ப கொன்னுறவா?"

அது நியாயமான கேள்விதான். விற்ற கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கிராம்புத் தைலத்தில் மயக்கி வலியில்லாமல் சாகடிக்கிற முறை ஒன்றிருக்கிறது. வலியில்லாமல் என்று சொல்கிறேன், ஏனென்றால் மீனுக்கு வலிக்காது என்கிற பழைய சமாதானம் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003-ல் காட்டினார்கள். உணர்வதற்கும் அனுபவிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், பசித்ததற்காகத் தின்ற ஒரு மீனைக் கொல்வதற்குக் காரணம் எங்கள் யாரிடமும் இல்லை. கண்மாயில் விடுவது பெயர் தெரியாத ஆயிரம் மீன்களின் தலையில் நம் ஆசையை இறக்கிவைப்பது. இரண்டும் வேண்டாம் என்றால் மிச்சமிருந்தது ஒன்றுதான்: தின்னவும் வளரவும் அதற்குத் தேவையான இடத்தைக் கொடுப்பது. வாங்கியவர் செலவில்.

கொல்லையில் போர் தண்ணி பிடித்துவைக்கக் கட்டிய பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று கிடந்தது. நாலுக்கு மூன்றுக்கு மூன்றடி, ஆயிரம் லிட்டர் பிடிக்கும். விரிசலைப் பூசி, சுண்ணாம்புக் காரம் இறங்குகிற வரைக்கும் தண்ணி மாற்றி மாற்றி ஊறவைத்து, மேலே வலை போட்டு, பாதிக்குக் கீற்று நிழல் போட்டு, ஏர் பம்ப் வைத்து ஆஸ்கரை அங்கே மாற்றினோம். கரண்ட் போகிற நேரத்துக்கு ஒரு பேட்டரி. எல்லாம் சேர்த்து அந்த மீனின் விலையைப்போல முப்பது மடங்கு ஆனது. உள்ளே கண்ணாடித் தொட்டியில் ஐந்து மோலிகள் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வர நாலைந்து நாள் எடுத்துக்கொண்டன. ஆஸ்கர் போன பிறகும் ஒண்டிக்கொண்டே இருந்தன. பயம் போவதற்குத் தனியாக நாள் வேண்டியிருந்தது. இப்போது குஞ்சுகளோடு இருபதுக்கும் மேல்.

சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் யார் போனாலும் ஆஸ்கர் மேலே வரும். பாப்பாவின் கையை மட்டும் அடையாளம் தெரியும் என்று வீட்டில் சொல்கிறார்கள். மண்புழு கொடுப்பது அவள்தான். மதினி வாரம் ஒருமுறை அங்கிருந்து மொண்டு முருங்கைக்கு ஊற்றுகிறார். 'ரவுடி' என்ற பெயர் மட்டும் போகவில்லை, ஆனால் இப்போது அதைச் செல்லமாகச் சொல்கிறார்கள்.

நன்றாகக் கவனித்துக்கொண்டால் ஆஸ்கர் பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். பாப்பாவுக்கு இப்போது பதினொன்று. அவள் காலேஜுக்கு எங்காவது வெளியூர் போகிறபோது இந்த மீனை யார் பார்த்துக்கொள்வது என்று போன வாரம் போனில் அண்ணன் கேட்டார். கோடை வேறு வருகிறது, போர் தண்ணியும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். பேசி முடிக்கவில்லை.